மாரி மழையில் பூச்சு வெளுத்துப் போச்சு: மாதிரி வண்டிகளுக்கு என்ன பூசுகிறீர்கள்?

ஒட்டுசுட்டான் வண்டிக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். வயல் வேலை இல்லாத நாட்களில் மாட்டுவண்டி, தேர், வள்ளம் என்று சின்ன மாதிரிகள் செய்கிறேன். தச்சுப் பட்டறைகளில் மிஞ்சும் முதிரை, வேம்பு, தேக்குத் துண்டுகள்தான் மரம். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குக் கடை போடும் ஒருவர் கொஞ்சம் வாங்குவார். மிச்சம் வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர் வழியாகப் போகும்.

எனக்கு நிறம் பூசப் பிடிக்காது. முதிரையின் மஞ்சளும் அதன் மினுக்கமும் அப்படியே தெரிய வேண்டும். இவ்வளவு நாளும் பெரிய பிரச்சினை வரவில்லை. இந்தக் கார்த்திகையில் ஒரேயடியாக எல்லாம் வந்துவிட்டது.

ஏழு வண்டி செய்தேன். லக்கர் அடித்த மூன்று பால் ஊற்றினது போல வெளுத்துவிட்டன. வார்னிஷ் பூசிய இரண்டும் மூன்று கிழமையாகியும் ஒட்டுகின்றன. பத்திரிகையில் சுற்றி வைத்தேன், பிரித்தால் ஒரு மரண அறிவித்தல் இடவலம் மாறி வண்டித் தட்டில் பதிந்திருக்கிறது. போதாக்குறைக்கு, போன வருடம் ரொறன்ரோவுக்கு அனுப்பிய வண்டியின் தட்டு நடுவே வெடித்துவிட்டது என்று மச்சான் படம் அனுப்பியிருக்கிறார்.

எந்தப் பூச்சு நல்லது? சொன்னால் அதையே வாங்கிவிடுகிறேன்.

கச்சான்காற்று

கழிவு எஞ்சின் ஒயில் தம்பி. எங்கள் வீட்டு வேலித் தூணுக்கு இருபது வருடமாக அதுதான். கறையான் கிட்டவும் வராது.

பனைமட்டை

அண்ணை, வேலித் தூணை யாரும் வரவேற்பறைக் கண்ணாடி அலுமாரிக்குள் வைப்பதில்லை. மரம் கறுக்கும், மணம் போகாது, கைபட்டால் உடுப்பெல்லாம் கறை. பிள்ளைகள் தொடுகிற பொருளில் அந்த அழுக்கு ஒயிலை நினைத்தும் பார்க்காதீர்கள்.

பழைய சீவுளி

தம்பி, எந்தப் பூச்சு என்று கேட்கிறாய். அதற்கு முதல் நான் கேட்கிற மூன்றுக்குப் பதில் சொல். மரம் எவ்வளவு காலம் காய்ந்தது? பூசுகிற அன்று மழையா? பூசுவதற்கு முன் மரத்தில் வேறு என்ன தடவினாய்?

நாற்பது வருடம் கதவு, நிலை, கட்டில் செய்தவன் நான். பூச்சில் வருகிற பிழை பாதிக்கு மேல் டின்னைத் திறக்க முன்னமே வந்துவிடும்.

ஒட்டுசுட்டான் வண்டிக்காரன்

ஐயா, மரம் எவ்வளவு காய்ந்தது என்று தெரியாது. பட்டறையில் கிடந்தது. பூசிய அன்று மழை விட்டிருந்தது, ஆனால் முதல் நாள் இரவு முழுக்கப் பெய்தது.

மூன்றாவது கேள்விக்கு... கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. வேம்பு வெளிறிப்போய் இருந்தது என்று ஒட்டுகிற அந்த இரண்டு வண்டிக்கும் முதலில் தேங்காய் எண்ணெய் தேய்த்தேன். அம்மா உலக்கைக்கு அப்படித்தான் தேய்ப்பார்.

குளக்கட்டு

கள்ளன் பிடிபட்டுவிட்டான்!

நான் வவுனியாவில் இரசாயனவியல் படிப்பிக்கிறேன், மரவேலை பொழுதுபோக்கு. சில எண்ணெய்கள் காற்றிலுள்ள ஒட்சிசனை எடுத்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிப் படலமாக இறுகும். ஆளிவிதை எண்ணெய் அப்படிப்பட்டது. தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90% நிரம்பிய கொழுப்பமிலம். ஒட்சிசன் வந்து பிடிக்க அதில் இடமே இல்லை. பத்து வருடம் வைத்தாலும் எண்ணெயாகவே இருக்கும், சிக்கு மணம் மட்டும் வரும். அதன் மேல் வார்னிஷ் பூசினால் வார்னிஷ் மரத்தைப் பிடிக்காது, கீழிருந்து எண்ணெய் கலந்து இறுகவும் விடாது.

நல்லெண்ணெய் அரைகுறை. மெல்லப் பிசுபிசுக்கும், ஒழுங்காக இறுகாது.

உலக்கைக்குத் தேய்ப்பது வேறு விசயம். அம்மா திரும்பத் திரும்பத் தேய்ப்பார், உலக்கை திரும்பத் திரும்ப உரசுப்படும். அதற்கு மேல் யாரும் வார்னிஷ் பூசப் போவதில்லை.

ஒட்டுசுட்டான் வண்டிக்காரன்

அப்போ அந்த இரண்டையும் அடுப்பில் போடவா?

பழைய சீவுளி

பொறு. தின்னரில் நனைத்த துணியால் வார்னிஷைக் கழுவி எடு. பிறகு புதுத் துணி, புதுத் தின்னர், இன்னொரு தரம். ஒரே துணியால் தேய்த்தால் எண்ணெயை இங்கிருந்து அங்கே கொண்டுபோய் வைப்பாய், அவ்வளவுதான். நன்றாகக் காயவிட்டு 180 ஆம் இலக்கச் சாண்ட் பேப்பர், பிறகு 240. அதன் பின் அரக்கு (ஷெல்லாக்) மெல்லிசாக ஒரு கை. எண்ணெய்ப் பசை மிச்சம் இருந்தாலும் அரக்கு ஓரளவுக்கு மறித்துப் பிடிக்கும். சக்கரத்துக் குடமும் ஆரக்காலும் சேருகிற மூலைகளில் எண்ணெய் ஊறியிருந்தால் முழுதாக வராது, அந்த வண்டியை விற்காமல் நீயே வைத்துக்கொள்.

வெளுத்த மூன்றும் அதைவிடச் சுலபம். லக்கரிலுள்ள தின்னர் விறுக்கென்று பறக்கும்போது மேற்பரப்பு குளிரும். மழைக்காலக் காற்றிலுள்ள ஈரம் அதில் பனி போலப் படிந்து உள்ளே அகப்படும். அதுதான் வெள்ளை. வெயில் நாள் ஒன்றில், காலைப் பனி காய்ந்த பிறகு பத்து மணிபோல, மெல்லக் காய்கிற தின்னரைப் புகை மாதிரி ஒரு தரம் மேலே விசிறு. படலம் இளகி ஈரம் வெளியேறும். நிறைய அடித்தால் வழியும், கவனம்.

மாரியில் லக்கர் அடிக்காதே. ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும் எண்ணெயும் மெழுகும் வேலை, லக்கரைப் பங்குனிக்கு வை. எங்கள் பட்டறையில் அப்படித்தான் வைத்திருந்தோம்.

பனைமட்டை

ஐயா சொன்ன அரக்கைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்வீர்களா? நான் கிளிநொச்சியில் பனஞ்சிராம்பில், அதாவது பனைமரத்தைப் பிளந்தெடுத்த சட்டங்களில், பெட்டிகளும் குட்டி வீடுகளும் செய்கிறேன். கடையில் கேட்டால் டின்னில் அடைத்த ஏதோ ஒன்றைத் தருகிறார்கள், அது காயவே மாட்டேன் என்கிறது.

பழைய சீவுளி

அது கரைத்து வைத்துக் கனகாலமாகியிருக்கும் பிள்ளை. அரக்கு ஸ்பிரிட்டில் கரைத்து ஆறு மாதம் தாண்டினால் நம்ப முடியாது. செதில் செதிலாக வருவதை வாங்கி, தேவைக்கு மட்டும் நீங்களே கரையுங்கள். ஒரு லீற்றர் ஸ்பிரிட்டுக்கு 240 கிராம் என்பது எங்கள் வழக்கமான கணக்கு. சின்ன மாதிரிகளுக்கு அதில் பாதி, 120 கிராம் போதும். கண்ணாடிப் போத்தலில் போட்டு மூடி, இடைக்கிடை குலுக்கினால் ஒரு நாளில் கரையும். சீலைத்துணியில் வடித்து எடுங்கள். தகரத்தில் வைத்தால் கறுக்கும்.

கெட்டியாக ஒரு பூச்சு போடுவதை விட, தண்ணீர் போல ஐந்து பூச்சு மேல். ஒவ்வொன்றும் அரை மணிக்குள் காயும். செதுக்கு வேலை உள்ள தேருக்கு இதைவிட நல்ல பூச்சு நான் காணவில்லை. வார்னிஷ் குழிகளில் தேங்கிச் செதுக்கலின் கூர்மையை மழுக்கிவிடும், மெல்லிய அரக்கு அப்படிச் செய்யாது.

ஒரு குறை. ஈரக் குவளை வைத்தால் வெள்ளை வட்டம் விழும். சாமியறையில் வைத்த தேரில் சாம்பிராணிப் புகை படிந்தது என்று ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் பூச்சும் சேர்ந்து போகும். காய்ந்த துணி, மெல்லிய தூரிகை, அதோடு நிறுத்த வேண்டும்.

குளக்கட்டு

ஒரு சின்னச் சேர்க்கை. சாதாரண அரக்கில் இயற்கையாகவே கொஞ்சம் மெழுகு இருக்கும். அதன் மேல் பொலியூரித்தேன் வார்னிஷ் பூசினால் ஒட்டாமல் உரியலாம். மெழுகு நீக்கிய அரக்கு என்றால் பயமில்லை. கரைத்த போத்தலை ஒரு கிழமை அசையாமல் வைத்தால் மெழுகு அடியில் படியும், தெளிவை மட்டும் ஊற்றி எடுத்தாலும் சரி.

பனைமட்டை அக்கா, பனஞ்சிராம்பை எப்படித் தேய்க்கிறீர்கள்? எனக்கு அந்தக் கறுப்பு நார்கள் எப்போதும் மேலே தள்ளிக்கொண்டு நிற்கின்றன.

பனைமட்டை

சாண்ட் பேப்பரைக் கையால் பிடித்துத் தேய்த்தால் அப்படித்தான் வரும். பனையில் கறுப்பு நார் இரும்பு, இடையிலுள்ளது சோறு. விரல் அழுத்தத்தில் சோறு குழிந்து நார் நிமிர்ந்து நிற்கும். தட்டையான கட்டை ஒன்றில் சாண்ட் பேப்பரை ஒட்டி, நார் ஓடுகிற திசையில் மட்டும் தேய்க்க வேண்டும். 120 இலிருந்து தொடங்கி 320 வரை போவேன். இடையில் மெல்லிய அரக்கு ஒன்று பூசினால் சோறு இறுகும், அடுத்த தேய்ப்பு சமமாக வரும்.

கைக்குச் சிராய் ஏறினால் உடனே எடுங்கள். பனஞ்சிராய் உள்ளே இருந்தால் அன்றிரவு நித்திரை இல்லை.

அப்புறம், பழைய வீடு பிரிக்கிற இடத்துச் சிராம்பும் தீராந்தியும்தான் நான் எடுப்பது. பனை தறிக்க அனுமதி வேண்டும். பழைய மரத்துக்கு இன்னொரு நன்மை, ஐம்பது வருடம் கூரையில் இருந்து காய்ந்தது. இனி அதற்கு வெடிக்கிற எண்ணமே இல்லை.

பனிநாட்டான்

வெடிப்பைப் பற்றி நான் சொல்கிறேன். ரொறன்ரோவில் இருக்கிறேன், சொந்த ஊர் மல்லாவி. என் வீட்டிலும் ஊரிலிருந்து வந்த வண்டி ஒன்று தை மாதத்தில் இரவு இரண்டு மணிக்கு ‘டக்’ என்று சத்தம் போட்டு வெடித்தது. யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று மனுசி எழும்பிவிட்டா.

இங்கே பனிக்காலத்தில் வீட்டுக்குள் சூடாக்கி ஓடும். காற்றின் ஈரப்பதன் 25 வீதத்துக்கு இறங்கிவிடும். மாரியில் வன்னியில் 85 வீதம் இருக்கும். அதே மரத்துக்கு இரண்டு உலகம்.

குளக்கட்டு

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 85% ஈரக் காற்றில் கிடக்கிற மரம் தன் உலர் எடையில் 17–18% தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். 25% காற்றில் அது 5–6 வீதமாக இறங்கும். நார் ஓடுகிற நீளவாக்கில் மரம் கிட்டத்தட்டச் சுருங்காது. குறுக்கேதான் சுருக்கம். 10 சென்ரிமீற்றர் அகலமான பலகை ஒன்று இந்தப் பயணத்தில் 2–3 மில்லிமீற்றர் வரை குறுகலாம்.

இப்போது வண்டிக்காரன் தம்பி தன் வண்டித் தட்டை எப்படிப் பொருத்தினார் என்று சொல்லட்டும்.

ஒட்டுசுட்டான் வண்டிக்காரன்

ஒரே அகலப் பலகை. அடியில் மூன்று குறுக்குச் சட்டம். முழு நீளத்துக்கும் மரப்பசை.

குளக்கட்டு

சட்டம் நீளவாக்கில் சுருங்காது, தட்டு குறுக்கே சுருங்கியே தீரும். பசை விடாது. அப்போ கிழிவதைத் தவிரத் தட்டுக்கு வேறு வழி என்ன?

பழைய சீவுளி

உண்மையான வண்டியைப் போய்ப் பார் தம்பி. ஒரே பலகையில் எந்த ஆசாரி தட்டுப் போட்டான்? தனித்தனிப் பலகைகள், இடையில் நூல் இடைவெளி. ஒவ்வொன்றையும் நடுவில் மட்டும் பிடி, ஓரங்கள் அசையட்டும். மாதிரியும் அசலைப் போலவே இருக்கும், வெடிக்கவும் மாட்டாது.

பனிநாட்டான்

பொலியூரித்தேன் நாலு பூச்சுப் போட்டால் ஈரம் போகாமல் அடைத்துவிடலாமே?

குளக்கட்டு

மெதுவாக்கலாம், நிறுத்த முடியாது அண்ணை. நல்ல படலம் ஈரத்தின் போக்குவரத்தை நாட்களிலிருந்து கிழமைகளாக, மாதங்களாக இழுக்கும். பனிக்காலம் அங்கே நாலு மாதம் நீடித்தால் மரம் எப்படியும் இறங்கும்.

அதிலும் மேல்பக்கம் மட்டும் பூசி அடிப்பக்கத்தை வெறுமனே விட்டால் இன்னும் மோசம். ஒரு பக்கம் விரைவாகவும் மறுபக்கம் மெல்லவும் காயும். பலகை கிண்ணம் போல வளையும்.

ஒட்டுசுட்டான் வண்டிக்காரன்

அடிப்பக்கம் யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

பழைய சீவுளி

காற்றுப் பார்க்கும்.

பனைமட்டை

😄 ஐயாவுக்கு ஒரு தேநீர்.

எனக்கு வேறொரு கவலை. வேம்பில் செய்த ஒரு பெட்டியின் கீழே மா போல வெள்ளைத் தூள் விழுகிறது. குண்டூசித் தலை அளவு ஓட்டைகள். வேம்பு கசப்பு, பூச்சி வராது என்றுதான் எல்லாரும் சொல்வார்கள்.

பழைய சீவுளி

வேம்பின் வைரத்தைப் பூச்சி தொடாது. வெள்ளைப் பகுதியை விடாது. வெள்ளையில் மாச்சத்து இருக்கிறது, உளுக்கிற வண்டுக்கு அதுதான் சாப்பாடு. அந்தக் காலத்தில் தடியை வெட்டிக் குளத்தில் சில மாதம் ஊறப்போட்டு எடுத்தது சும்மா இல்லை. மாச்சத்துக் கரைந்து போகும். இப்போ அந்தப் பொறுமை யாருக்கு இருக்கிறது?

குளக்கட்டு

பெட்டியைத் தடித்த பொலித்தீனில் காற்றுப் புகாமல் கட்டி, குளிரூட்டியின் உறைநிலைப் பெட்டியில் இரண்டு கிழமை வையுங்கள். அரும்பொருட்காட்சிச் சாலைகளிலும் இப்படிச் செய்வார்கள். வெளியே எடுத்ததும் பொலித்தீனைப் பிரிக்க வேண்டாம். ஒரு நாள் அறைச் சூட்டுக்கு வந்த பிறகு பிரியுங்கள், இல்லாவிட்டால் மரத்தில் தண்ணீர் வேர்க்கும். (மீனுக்குப் பக்கத்தில் வைப்பதை வீட்டில் எப்படிச் சமாளிப்பது என்பது உங்கள் பொறுப்பு.)

புது மரத்துக்கு, பூச்சுக்கு முன்னம், ஒரு லீற்றர் சுடுதண்ணீரில் வெண்காரம் 60 கிராம், போரிக் அமிலம் 40 கிராம் கரைத்து இரண்டு மூன்று தரம் தடவலாம். கையுறை போடுங்கள், பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். நன்றாகக் காய வேண்டும். மேலே வெள்ளையாகப் பூத்தால் ஈரத் துணியால் துடைத்துவிட்டுக் காய்ந்த பின்தான் பூச்சு. அதன் மேல் எல்லாப் பக்கமும் பூச்சு விழுந்தால் வண்டு முட்டையிட மரத்தின் நுண்துளை திறந்திருக்காது.

ஒட்டுசுட்டான் வண்டிக்காரன்

முதிரைக்குத் திரும்பி வருகிறேன். அரக்கு மட்டும் போட்டால் மினுக்கம் தெரிகிறது, ஆனால் ஆழம் இல்லை. ஆளிவிதை எண்ணெய் போட்டால் ஆழம் வருகிறது, ஆனால் கனநாள் காயாமல் கிடக்கிறது.

பழைய சீவுளி

இரண்டையும் போடு. கடையில் ‘பொயில்ட்’ என்று கேட்டு வாங்கு. பச்சை எண்ணெய் ஒரு கிழமைக்கும் மேல் இழுக்கும். மற்றதில் காய்வதற்கான மருந்து கலந்திருக்கும், ஒன்றிரண்டு நாளில் தொடலாம். மெல்லத் தேய்த்து, 15 நிமிடம் பொறுத்து, மிச்சத்தை முழுக்கத் துடைத்து எடுக்க வேண்டும். ஆட்கள் பிழை விடுவது அந்தத் துடைப்பில்தான். மேலே தேங்கினது பிசினாகிவிடும். மூலைகளுக்குப் பழைய பல் தூரிகை பிடி. ஒரு கிழமை காயவிட்டு மேலே மெல்லிய அரக்கு மூன்று. கடைசியில் தேன்மெழுகு.

முதிரைத் தூளுக்குக் கவனம். சிலருக்குத் தோல் சொறிந்து கொப்புளிக்கும். எனக்கு இருபது வருடம் ஒன்றும் செய்யவில்லை, பிறகு ஒரு நாள் கழுத்து முழுக்கத் தடித்தது. மூக்கை மூடு, வேலை முடிந்ததும் குளி.

தேக்குக்கு வேறு கதை. அதில் எண்ணெய் இயற்கையாகவே உண்டு. பூசுவதற்குச் சற்று முன்னர் தின்னரால் ஒரு தரம் துடைத்துவிட்டுப் பூசு.

பனைமட்டை

ஆளிவிதை எண்ணெய் தொட்ட துணியைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே! தயவுசெய்து சுருட்டி மூலையில் எறியாதீர்கள். எங்கள் கொட்டிலில் பின்னேரம் துடைத்த துணிகளை ஒரு கடகத்துக்குள் போட்டுவிட்டுப் போனேன். இரவு எட்டு மணிக்குப் புகை மணம். கடகத்தின் அடி கருகிவிட்டது. மேலே கிடுகுக் கூரை. அடுத்த வீட்டு அண்ணை ஒரு வாளித் தண்ணீரோடு ஓடி வராவிட்டால் இன்றைக்கு இங்கே எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

நெருப்பு யாரும் வைக்கவில்லை. துணி தானாகவே சூடாகியது.

குளக்கட்டு

எண்ணெய் இறுகும்போது வெப்பம் வெளியேறும். விரித்த துணியில் காற்று அதைக் கொண்டுபோய்விடும். குவித்த துணிக்குள் சூடு தேங்கி, அந்தச் சூட்டில் தாக்கம் இன்னும் வேகமாகி, கடைசியில் பற்றும். துணியை வெளியே கொடியில் ஒற்றையாக விரித்து விறைக்கவிடுங்கள், அல்லது தண்ணீர் நிறைத்த தகரப்பேணியில் அமிழ்த்தி மூடுங்கள். அக்கா சொன்னதை இந்த இழையின் தலையில் கொண்டுபோய் வைக்க முடிந்தால் நல்லது.

கச்சான்காற்று

கழிவு ஒயிலுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. சும்மா சொன்னேன்.

மெழுகு பற்றி ஒரு உண்மையான கேள்வி. காட்டுத் தேன் எடுக்கிற ஒருவர் எனக்கு மெழுகு தருவார். அதை மட்டும் உருக்கித் தேய்த்தால் போதாதா?

பழைய சீவுளி

கைக்கு நன்றாக இருக்கும், காவலுக்குப் போதாது. மெழுகு ஈரத்தை அவ்வளவாக மறிக்காது. 62 பாகை செல்சியஸ் அளவில் உருகும், அதற்கு முன்னமே இளகும். கோடையில் வான் வண்டிக்குள் வைத்து யாழ்ப்பாணம் கொண்டுபோனால் தூசியெல்லாம் ஒட்டிக்கொண்டு இறங்கும். அரக்கின் மேல் கடைசிக் கை என்றால் அருமை. மெழுகு ஒரு பங்கு, டேர்பன்டைன் மூன்று பங்கு. மெழுகைச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் பேணியை வைத்து உருக்கி, அடுப்பை அணைத்து, தள்ளிக் கொண்டுபோய் வைத்த பிறகுதான் டேர்பன்டைனை ஊற்ற வேண்டும். நேரே நெருப்பில் வைக்காதே.

ஒட்டுசுட்டான் வண்டிக்காரன்
*(நாலு மாதம் கழித்து)*

இழையை மேலே கொண்டுவருகிறேன். வெளுத்த மூன்றில் இரண்டு தெளிந்துவிட்டன. ஒன்றில் நிறைய விசிறி வழியவிட்டேன், சுரண்டித் திரும்பப் பூசினேன். தேங்காய் எண்ணெய் வண்டிகளில் ஒன்று தேறியது. மற்றது, மரண அறிவித்தல் பதிந்தது, தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் நிற்கிறது. விற்க மனம் வரவில்லை.

புதிதாக ஐந்து செய்தேன். மரத்தை அரிந்து, அடுப்படிப் பரணில் மூன்று மாதம் வைத்தேன். கிழமைக்கு ஒரு தரம் சமையல் தராசில் நிறுத்து எழுதினேன், எடை இறங்காமல் நின்ற பிறகுதான் உளியைத் தொட்டேன். தட்டு ஏழு தனிப் பலகை, நடுவில் மட்டும் பசை. ஈரத் துணியால் துடைத்து, எழும்பிய நாரை 320 ஆல் தேய்த்து, எண்ணெய், அரக்கு, மெழுகு. முதிரை சாய்த்துப் பிடித்தால் வெளிச்சம் உள்ளே ஓடுகிறது.

ஒன்று ரொறன்ரோவுக்குப் போகிறது. குமிழிப் பொலித்தீன் நேரே படாமல் முதலில் பருத்தித் துணியால் சுற்றியிருக்கிறேன்.

பனிநாட்டான்

வந்ததும் யன்னல் வெயில் படாத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். என்ன பூசினாலும் வெயிலில் முதிரை மஞ்சள் கபிலமாகும். சூடாக்கியின் காற்று வாய்க்கு மேலேயும் வேண்டாம். தை மாதம் ‘டக்’ கேட்கிறதா என்று நானும் அறியக் காத்திருக்கிறேன்.

பழைய சீவுளி

படம் பார்த்தேன். மேல்பக்கம் வடிவாக வந்திருக்கிறது தம்பி. பெட்டியைக் கட்ட முதல் வண்டியைக் கவிழ்த்து வைத்து அடிப்பக்கத்தையும் ஒரு படம் எடுத்துப் போடு.